அரசுத் தரப்பு முதல் சாட்சி

நிர்மலா சிறப்பு அரசு வழக்கறிஞராகி மூன்று வருடமாகியும், அவள் நடத்திய வழக்கில் ஓர் ஆள்கூட ஜெயிலுக்குப் போனதில்லை. மைசூர் நீதிமன்ற வளாகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தாழ்த்தப்பட்ட மக்களின் மேல் சாதியின் பேரால் செய்யப்படும் கொடுமைகளைத் தண்டிக்க வந்த சட்டம்தான் அவள் கையில் இருந்தது. அதற்கென்று தனி நீதிமன்றம், தனி வக்கீல், தனி பீரோ என்று எல்லாம் தந்திருந்தார்கள். பீரோ மட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

அவளுடைய அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து மைசூர் அசோகபுரம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பரம்பரையில் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள் நிர்மலாதான். இந்தப் பதவி வந்தபோது பார் அசோசியேஷனில் யாரோ, "கோட்டாவுல வந்தவங்களுக்குக் கோட்டா கேஸு" என்று சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்கள். அவளும் விழாதது மாதிரியே ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஜெயித்துக் காட்டினால் போதும் என்று அப்போது நினைத்தாள். ஒவ்வொரு வழக்காகத் தோற்கத் தோற்க, ஜெயிப்பது என்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

வள்ளியாத்தாள் வழக்கு வந்தது 1995இல். கொள்ளேகால் தாலுகா அப்போது மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஹனூருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் கல்லுமேட்டூர் என்று ஓர் ஊர். அங்கே மேல்தெருவிலும் காலனியிலும் பேசுவது தமிழ்தான். கோயில் ஒன்று, பஸ் ஒன்று, அங்கன்வாடி ஒன்று. அந்த அங்கன்வாடியில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தவள் காலனியைச் சேர்ந்த வள்ளியாத்தாள்.

புருஷன் செல்லக்கண்ணுவோடு அவள் முதல்முறை நிர்மலாவின் அறைக்கு வந்தபோது, யாரோ நிற்கச் சொன்னது போல நின்றது அவன்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, பெரிய கண்கள். வலது காலில் பாதத்திலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து வெளுத்திருந்தது.

"நீங்க தமிழுங்களா?" என்றாள் முதலில்.

"ஆமா. பொறந்ததெல்லாம் இங்கதான். வீட்ல தமிழ்தான்."

"அப்பச் செரி. போலீசுல கன்னடத்துல எழுதிக்கிட்டாங்க. நாஞ் சொன்னதத்தான் எழுதுனாங்களான்னு தெரியல. உங்ககிட்ட முச்சூடும் சொல்லிப்போடறனுங்."

சொன்னாள். எட்டாவது வரை படித்தவள் அவள். அந்த வேலைக்கு மனுப் போட்டவர்களில் அவள்தான் அதிகம் படித்தவள், அதனால் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே மேல்தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் வருவது நின்றது. டீச்சர் லிங்கம்மா கன்னடக்காரி, கொள்ளேகாலிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். நல்ல மாதிரிதான். அவள் வள்ளியாத்தாளைத் தனியே கூப்பிட்டு, நீ ஏனம் மட்டும் கழுவு, அடுப்புப் பக்கம் வராதே, சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

"சம்பளம் ஒண்ணுதானேன்னு நானும் இருந்துட்டனுங். அன்னிக்கு டீச்சருக்குக் காய்ச்சல். வாசப்படியில சுருண்டு உக்காந்துட்டாங்க. புள்ளைங்க பசியில கத்துதுங்க. நீயே கிண்டிப்போடு, யாரு பாக்கப் போறான்னாங்க. உப்புமாக் கிண்டுனேன். எல்லாப் புள்ளையும் தின்னுச்சு. ஜடையன் பேரன் ரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னான்."

ஜடையன் மேல்தெருவில் பெரிய தோட்டத்துக்காரர். மஞ்சளும் கரும்பும் போட்டவர். ஊரில் எந்தக் காரியமும் அவரைக் கேட்காமல் நடக்காது. பேரனைக் கூட்டிப்போக வந்தவர் அடுப்படியில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டார்.

"உப்புமாப் போசிய எட்டி ஒதைச்சாரு. சூடா என்ற கால்மேல கொட்டிருச்சு. மசுரப் புடிச்சு இழுத்துட்டு வந்து தெருவுல தள்ளுனாரு. மண்ணுல கெடந்த உப்புமாவ வாரி, 'உங்க சாதிக்கு இதுதான்டீ சோறு'ன்னு என்ற வாயில வெச்சுத் திணிச்சாருங்."

சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. தின்னத் தகாததைத் தின்ன வைத்தல். அந்தப் பிரிவு நிற்க வேண்டுமென்றால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். நிர்மலா பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தின்னீங்களா?"

வள்ளியாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துக் காலை மூடினாள். பிறகு, "தின்னனுங். மூச்சு முட்டுச்சே" என்றாள்.

செல்லக்கண்ணு சுவரோரம் நின்றபடியே, "போலீசுக்கு வேண்டாமின்னு சொன்னனுங். கேக்கல" என்றான். அதில் கோபம் இருந்ததா பெருமை இருந்ததா என்று நிர்மலாவுக்குப் புரியவில்லை.

வழக்கு கெட்டியாக இருந்தது. டாக்டர் சான்று இருந்தது. டி.எஸ்.பி.யே நேரில் போய் விசாரித்திருந்தார். லிங்கம்மா டீச்சரும் எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த காளியப்பனும் பார்த்ததைச் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வள்ளியாத்தாள் கொள்ளேகால் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்திருந்தாள். போலீசிடம் சொன்னதை மாற்றிச் சொல்லலாம். சத்தியம் செய்து சொன்னதை மாற்றினால், சொன்னவள்மேலேயே பொய்ச்சாட்சி வழக்கு வரும். அதனால் அதை யாரும் லேசில் மாற்றமாட்டார்கள்.

"நான் இருக்கேன்" என்றாள் நிர்மலா. "நீங்க உறுதியா நின்னாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

வருகிற எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். இந்த முறை சொல்லும்போது அவளுக்கே அதில் நம்பிக்கை இருந்தது.

ஜடையன் கைதாகி, கொஞ்ச நாளில் ஜாமீனில் வெளியே வந்தார். அவர் ஊருக்குப் போய் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அறுப்புக்கு ஆள் கூப்பிட காலனிப் பக்கம் வண்டி வருவது மட்டும் நின்றது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து வேறு ஆட்களைக் கூட்டிவந்தார்கள். போர்வெல்லுக்குப் போகிற பாதை அவர் தோட்டத்து ஓரமாகப் போனது. அங்கே முள்வேலி வந்தது. கடையில் காலனி ஆட்களுக்கு மட்டும் எண்ணெய் தீர்ந்துபோனது.

நிர்மலா கலெக்டருக்கு எழுதினாள். எஸ்.பி.க்கு எழுதினாள். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று அந்த வருடம்தான் புது விதிகள் வந்திருந்தன. விதியை எண்ணோடு எடுத்துக் காட்டி எழுதினாள். இரண்டு கான்ஸ்டபிள்களைப் போட்டார்கள். மலையடிவாரத்து ஊரில் சாப்பிட ஓட்டலேது? அவர்கள் மூன்று வேளையும் ஜடையன் வீட்டில் சாப்பிட்டார்கள். ராத்திரி அவர் களத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் செல்லக்கண்ணு மட்டும் தனியாக மைசூருக்கு வந்தான். நனைந்திருந்தான். துண்டால் தலையைத் துவட்டிவிட்டு, அதே சுவரோரம் நின்றான்.

"காலனிக்காரங்க எங்க வூட்டுக்கு முன்னால வந்து உக்காந்துட்டாங்கம்மா. எங்க சித்தப்பா, என்ற கூடப் பொறந்தவன், எல்லாரும். உன்ற பொண்டாட்டி வாயில மண்ணத் திணிச்சதுக்கு நாங்க எல்லாரும் ஏன்டா மண்ணத் திங்கோணும்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்லட்டுமுங்க?"

நிர்மலா நாற்காலியைக் காட்டினாள், அவன் உட்காரவில்லை.

"கேச வாபஸ் வாங்கலாமுங்களா?"

"முடியாதுங்க. இது அரசு தரப்பு கேஸ். நீங்க வாங்க முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

"அப்ப இது எங்க கேசு இல்லீங்களா?"

அவன் குதர்க்கமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நிர்மலா சட்டத்தை விளக்கினாள். குற்றம் ஒருத்திக்கு எதிராக நடந்தாலும் அது சமூகத்துக்கு எதிரான குற்றம், அதனால் அரசு நடத்துகிறது என்றாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். "செரிங்க. கவருமெண்டு கேசு" என்று சொல்லிவிட்டு மழையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனான்.

விசாரணை 1997 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் நாள் வள்ளியாத்தாள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் லிங்கம்மா டீச்சர் முதலில் கூண்டில் ஏறினாள். சம்பவத்தன்று தான் லீவு என்றாள். தனக்கு எதுவும் தெரியாது என்றாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதே என்று நிர்மலா கேட்டதற்கு, மறுநாள் வந்து போட்டிருப்பேன் என்றாள். கடைக்காரன் காளியப்பன், அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்றான். இருவரையும் பிறழ்சாட்சிகள் என்று அறிவிக்கச் செய்து நிர்மலா குறுக்கு விசாரணை செய்தாள். லிங்கம்மா எல்லாவற்றுக்கும், "கொத்தில்லா, கொத்தில்லா" என்றாள். தெரியாது, தெரியாது. இறங்கிப் போகும்போது மட்டும் நிர்மலா பக்கம் திரும்பி, குரலே எழாமல், "எனக்கும் அந்த ஊருக்கே தினம் போகணும் மேடம்" என்றாள்.

ஜடையனுக்காக ஆஜரானவர் சீனிவாசன். மேல்கோட்டை ஐயங்கார்க் குடும்பத்துக்காரர், மூத்த வக்கீல், மரியாதையாகப் பேசுகிறவர். அன்று சாயங்காலம் வராந்தாவில் நிர்மலாவைப் பார்த்து நின்றார்.

"நீங்க நன்னா கேஸ் நடத்தறேள் நிர்மலா. நெஜமாத்தான் சொல்றேன். ஆனா ஊரை எப்படிக் கூண்டுல ஏத்துவேள்?"

"ஒரு சாட்சி போதும் சார். அந்தம்மா சொன்னாப் போதும்."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. பரிதாபம்தான் இருந்தது. அன்றைக்கே அதைப் புரிந்துகொண்டிருக்கலாம்.

அடுத்த வாய்தா நாளில் நிர்மலா சீக்கிரமே வந்து லூனாவை நிறுத்திவிட்டு வாசலில் காத்திருந்தாள். அரசு வக்கீல் அலுவலகத்தோடு இணைந்த கான்ஸ்டபிள் பசவராஜும் கூட நின்றார். சாட்சிகளுக்கு சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதும், அவர்களைக் கூட்டிவந்து நிறுத்துவதும் அவர் வேலை. பத்தரை மணிவாக்கில் ஒரு மெட்டடார் வேன் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஜடையன் இறங்கினார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. பின்கதவைத் திறந்தார்கள். ஊராட்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். கடைசியில் செல்லக்கண்ணு இறங்கினான். அவன் கைகொடுக்க, வள்ளியாத்தாள் இறங்கினாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

பசவராஜ் உச்சுக்கொட்டினார். "ஆயித்து மேடம். முடிஞ்சது."

வள்ளியாத்தாள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. செல்லக்கண்ணு மட்டும் அடிக்குரலில், "பாதையத் தொறந்து உட்டுட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோர்ட்டில் பாஷை கன்னடம். வள்ளியாத்தாளுக்குக் கன்னடம் ஓரளவு தெரியும் என்றாலும், தமிழில்தான் சாட்சி சொல்வேன் என்றாள். நகல் பிரிவில் இருந்த மாணிக்கவாசகம் என்ற தமிழ் குமாஸ்தாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார் நீதிபதி. ஆக, நிர்மலா கன்னடத்தில் கேட்க, அதை மாணிக்கவாசகம் தமிழில் சொல்ல, அவள் தமிழில் சொன்னதை அவர் கன்னடத்தில் சொல்ல, சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார். ஒரே பாஷை பேசுகிற இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டு, நடுவில் ஓர் ஆளை வைத்துப் பேசினார்கள்.

"சம்பவத்தன்று என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலீங். போசி கைதவறி என்ற கால்மேல உழுந்துருச்சுங்."

"எதிரி ஜடையன் அங்கே வந்தாரா?"

"வல்லீங்."

"உங்கள் சாதியைச் சொல்லித் திட்டினாரா?"

"அவரு எங்களுக்கு நல்லதுதான் பண்ணிருக்காருங்."

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அரசு வக்கீல், பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கோருகிறீர்களா?"

அவளுடைய சாட்சி. தன் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கால் காட்டிய பெண். "ஆமாம், யுவர் ஆனர்" என்றாள் நிர்மலா.

குறுக்கு விசாரணை அவளுக்குக் கைவந்த கலை. எதிரிகளிடம் காட்ட வாய்ப்பில்லாத திறமை முழுவதையும் மூன்று வருடமாகத் தன் சாட்சிகளிடமே காட்டிப் பழகியிருந்தாள். புகாரில் இருப்பது உங்கள் கையெழுத்துத்தானே? ஆமாங். படிக்கத் தெரிந்தவர்தானே நீங்கள்? எட்டாவதுங். அங்கன்வாடியில் சமைப்பது யார்? டீச்சருங். அப்படியானால் போசி உங்கள் கைக்கு எப்படி வந்தது?

வள்ளியாத்தாள் திணறினாள். "எறக்கி வெக்கச் சொன்னாங்க."

"யார்?"

"டீச்சரு."

"டீச்சர் அன்று லீவு என்று இதே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறாரே?"

மாணிக்கவாசகம் மொழிபெயர்க்கும் முன்பே வள்ளியாத்தாளுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கூண்டின் கட்டையைப் பிடித்தாள். கோர்ட்டுக்குள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஜடையன் பக்கத்திலிருந்த ஊராட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சீனிவாசன் எழுந்திருக்கப் பார்த்து, உட்கார்ந்தார்.

நிர்மலா மேஜையிலிருந்த காகிதத்தைக் கையில் எடுத்தாள். கொள்ளேகால் மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்த வாக்குமூலம். இனி ஒரு கேள்விதான். சத்தியம் செய்து அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? அதற்குத் தப்பிக்க வழி கிடையாது. அன்று சொன்னது பொய் என்றால், பொய்ச்சாட்சிக்கு அவள்மேல் வழக்குப் போட நீதிபதி தயங்கமாட்டார். இன்று சொல்வது பொய் என்றால், வாசலில் நிற்கிற வேனில் ஏறி அவள் எங்கே போவாள்?  போனாலும் அந்தப் பாதை மறுபடி அடைபடும். இந்த முறை முள்ளோடு நிற்காது.

வள்ளியாத்தாள் அப்போதுதான் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். பெரிய கண்கள். இமைக்கவில்லை. விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள் என்று நிர்மலா எடுத்துக்கொண்டாள்.

காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"வேறு கேள்வி இல்லை, யுவர் ஆனர்."

சீனிவாசன் எழுந்து, தனக்குக் குறுக்கு விசாரணை எதுவும் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு டாக்டர், டி.எஸ்.பி. எல்லோரும் வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. புகார் கொடுத்தவரே சம்பவத்தை மறுக்கிறார், சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்கப்படவில்லை, எதிரி விடுதலை. கடைசிப் பத்தியில் நீதிபதி ஒரு வரி சேர்த்திருந்தார். ஒரு முக்கியமான சட்டம் இப்படிப் பொய்ப் புகார்களால் தவறாகப் பயன்படுத்தப்படுவது வருத்தத்துக்குரியது என்று. மேல்முறையீடு செய்யலாம் என்று நிர்மலா பெங்களூருக்கு எழுதினாள். முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது.

நிர்மலா தன்னையே தேற்றிக்கொண்டாள். வழக்குப் போனாலும் பெண் பிழைத்தாள். பாதை திறந்தது, வேலை இருக்கிறது, எப்படியோ ஊரில் வாழட்டும். அந்தக் காகிதத்தைக் கீழே வைத்ததுதான் மூன்று வருடத்தில் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்றுகூடச் சில நாள் தோன்றியது.

அது ஆகஸ்டு வரைதான் நீடித்தது. பசவராஜின் மச்சினன் கொள்ளேகாலில் ஓர் அரசு அலுவலகத்தில் பியூன். அவர் மூலமாகச் சேதி வந்தது. ஊர்க்காரர்கள் தீர்ப்பின் நகலை வாங்கி, கடைசிப் பத்தியில் கோடு போட்டு, மனுவோடு இணைத்து அங்கன்வாடித் துறைக்கு அனுப்பியிருந்தார்கள். பொய்ப் புகார் கொடுத்து ஊரின் அமைதியைக் கெடுத்தவள் குழந்தைகள் மத்தியில் வேலை பார்க்கத் தகுதியில்லாதவள் என்று வள்ளியாத்தாளை அதிகாரிகள் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு மேல்தெருப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். ஐந்தாவதுதான் படித்தவளாம்.

விடுதலை என்பது வேறு, புகார் பொய் என்று நிரூபணமாவது வேறு என்று நிர்மலா அந்தத் துறைக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். அதற்குள் கொள்ளேகால் தாலுகா புதிதாகப் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. இனி அது தங்கள் எல்லைக்குள் வராது என்று ஒரு வரிப் பதில் வந்தது.

வள்ளியாத்தாள் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்றும், மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் எங்கோ இருக்கிறார்கள் என்றும் பசவராஜ்தான் விசாரித்துச் சொன்னார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலையாம். நிர்மலா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லூனாவை எடுத்துக்கொண்டு போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலை நீக்கத்தை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம், கையெழுத்து மட்டும் வேண்டும் என்று ஒரு காரணத்தை வழியில் தயார் செய்துகொண்டாள்.

ஷிப்டு விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் புகை கக்கிக்கொண்டு போயின. கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாதவர்கள் டவுன் பஸ்ஸுக்கு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். நிர்மலாவைப் பார்த்ததும் முகம் திருப்பவில்லை. சிரிக்கவும் இல்லை.

"ஏனுங், நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கறமுங். அவரு கட்டட வேலைக்குப் போறாரு. புள்ள பள்ளிக்கூடம் போவுது. நான் இங்க சமையலுக்கு."

"சமையலா?"

"ஆமாங். எரநூறு பேருக்கு ஆக்கறேன். பேரக் கேட்டாங்க, ஊரக் கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல. நானுஞ் சொல்லல. தெரிஞ்சா என்ன பண்ணுவாங்களோ. தெரியற வரைக்கும் ஆக்க வேண்டியதுதான்."

நிர்மலா ரிட் பற்றிச் சொன்னாள். வள்ளியாத்தாள் முழுக்கக் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். "மறுக்காவும் கோர்ட்டுங்களா? வேண்டாங். நான் ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா நெனைக்காதீங்க."

"கேளுங்க."

"அன்னிக்கு அந்தக் காயிதத்தக் கையில எடுத்தீங்க. அப்பறம் எதுக்குங் கீழ வெச்சுட்டீங்க?"

நிர்மலா தடுமாறினாள். "உங்களுக்காகத்தான். அதப் படிச்சிருந்தா உங்க மேலயே கேஸ் வந்திருக்கும். இல்லாட்டி நீங்க உண்மையச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சொல்லிட்டு அந்த வேன்ல எப்படிப் போவீங்க?"

"நீங்க படிப்பீங்கன்னுதான் நின்னனுங்."

பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் ஏறவில்லை.

"நானாச் சொன்னா ஊரே கொன்னு போடும். காலனிக்காரங்களே மூஞ்சியில துப்புவாங்க. அதுனால நானாச் சொல்ல முடியாது. நீங்க கேட்டுக் கேட்டு, தப்ப முடியாமச் சொல்லிப்போட்டன்னு வெய்யிங்க, அப்பறம் என்ற மேல என்ன தப்பு? வக்கீலம்மா கெட்டிக்காரி, வாயப் புடுங்கிப்புட்டான்னு சொல்லிக்கலாமில்லீங்களா? அதுக்குத்தான் போசிய எறக்கி வெச்சேன்னு சொன்னேன். டீச்சரு லீவுன்னு சொன்னது எனக்கும் தெரியுமுங்க. நீங்க புடிச்சுக்குவீங்கன்னுதான் சொன்னேன். நீங்களும் புடிச்சீங்க. அப்பறம் உட்டுட்டீங்க."

நிர்மலா லூனாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூண்டின் கட்டையைப் பிடித்தபடி இமைக்காமல் பார்த்த கண்கள் அவை. தமிழில் பார்த்தன. நிர்மலாதான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டாள்.

"கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் வள்ளியாத்தா?"

"தெரியலீங். அடிச்சிருப்பாங்க. வூட்டக் கொளுத்தியிருப்பாங்க. ஜட்ஜய்யா நம்பாமயும் போயிருக்கலாம்." யோசித்தாள். "ஆனா சொல்லியிருப்பேன். இப்பச் சொல்லாமயேதான் எல்லாம் போச்சு. மண்ணத் தின்னதும் பொய்யின்னு ஆகிப்போச்சு."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அது இருந்திருந்தால் நிர்மலா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எதற்கென்று கேட்பது? அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. "வாரனுங். புள்ள தனியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வள்ளியாத்தாள் கூட்டத்தோடு கூட்டமாக நெருக்கியடித்து ஏறினாள். உள்ளே போனவள் எந்த ஜன்னலிலும் தெரியவில்லை.

டிசம்பரில் குண்டலுபேட்டை வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. மாவட்டம் பிரிந்த பிறகும் மைசூரிலேயே தங்கிவிட்ட பழைய வழக்கு. செத்த மனைவியைப் பொதுச் சுடுகாட்டில் எரிக்கவிடாமல் விரட்டியடித்தார்கள் என்று ஒரு கிழவர் கொடுத்த புகார். அவரும் கூண்டில் ஏறி, அப்படியொன்றும் நடக்கவில்லை என்றார். மனைவியைத் தன் நிலத்தில் எரிக்கத் தனக்கே ஆசை என்றார்.

நிர்மலா இந்த முறை விடவில்லை. புகாரைப் படித்துக் காட்டினாள். போலீசிடம் சொன்னதை வரிவரியாகப் படித்தாள். உங்களுக்கு நிலமே கிடையாதே என்றாள். மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்தீர்களே என்றாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், அங்கே ஏதாவது தெரிகிறதா என்று. இன்னொரு கேள்வி. இன்னொன்று. சீனிவாசன் அந்த வழக்கில் இல்லை, ஆனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் முதலில் கூண்டின் கட்டையைப் பிடித்தார்.  கடைசியில் கூண்டுக்குள்ளேயே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே, "நடக்கல தாயி, ஒண்ணும் நடக்கல, என்ன உட்ருங்க" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"போதும், அரசு வக்கீல்" என்றார் நீதிபதி. "அவர் உங்கள் சாட்சி."

பசவராஜ் போய்க் கிழவரைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். நிர்மலா உட்கார்ந்தாள். மதிய இடைவேளைக்கு முன்பே அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.